கேள்வி கேக்குற ஆளு

இத்த எழுத வாணாம்னுதான் வுட்டுட்டேன். எட்டாங்கிளாஸ் பாதியில ஓடியாந்தவன் எழுதி இன்னாத்த கிழிக்கப் போறான்? இன்னிக்கி மழை. கப்பல்ல வேலை இல்ல, பேச ஆளும் இல்ல, காயிதம் மட்டும் கீது. சரின்னு குந்திட்டேன்.

நம்ம வேலை இன்னான்னா, துறைமுகத்துல வந்து நிக்கிற கப்பலோட வவுத்துல துரு தட்டறது. மேலேர்ந்து கயித்துல பலகைய தொங்கவுட்டு, அதுல குந்திகினு, சின்ன சுத்தியால நாள் பூரா டங்கு டங்குன்னு. பக்கத்துப் பலகையில என் தோஸ்து. அவன் ராயபுரம் குப்பத்துப் புள்ள. அப்பன், அண்ணன் எல்லாம் கடலுக்குப் போறவங்க. இவன மட்டும் கட்டுமரத்துல ஏத்துனா வாந்தி எடுப்பான். "மீனே உன்னப் பாத்து சிரிக்குதுடா மாமு"ன்னு நா தெனம் ஓட்டுவேன். அவன் அம்மன் கோயிலு, நா ஏசுவ கும்புடற வேதக்காரன். அதுல எங்களுக்குள்ள பேஜாரே வந்ததில்ல.

சாயங்காலம் எனக்கு இன்னொரு வேலை. எங்க சபைக்காரங்க கல்மண்டபம் முக்குல தெருப் பிரசங்கம் வெப்பாங்க. பெட்ரோமாக்ஸ், ஆர்மோனியம், ரெண்டு பாட்டு. பாட்டுக்கு எவனும் நிக்க மாட்டான், சண்டைன்னா நிப்பான். அதனால நம்ம ஆளையே ஒருத்தன கூட்டத்துல நுழைச்சு, சாமி இல்லன்றவன் மாரி கேள்வி கேக்க வுடறது வழக்கம். அந்த ஆளு நான். அதுக்குன்னே ஒரு கறுப்புச் சட்டை தெச்சிக் குடுத்தாங்க.

பிரசங்கம் பண்றவரு கருப்பட்டி மண்டி அண்ணாச்சி, தெக்கத்திக்காரரு. அவரு வாயத் தொறந்த ஒடனே நா கத்துவேன்.

"யோவ், கடவுள நீ பாத்தியா? எந்த ட்ராம்ல வந்து எறங்குனாரு?"

"ஏல தம்பி, நல்லாக் கேட்ட! என் மண்டியில கருப்பட்டி தானா வந்து உக்காந்துச்சால? காய்ச்சுனது ஒருத்தி. பதனி எறக்குனது ஒருத்தன். பனை எதுல இருந்து வந்துச்சு? கொட்டையில இருந்து. கொட்டை? இன்னொரு பனையில இருந்து. இப்படியே பின்னால போய்க்கிட்டே இருந்தா, எல்லாத்துக்கும் முன்னால ஒருத்தர் நின்னுருக்கணும்லா? அவருதாம்ல கடவுளு!"

ஜனம் கை தட்டும். நா தோத்தவன் மாரி தலைய சொறிஞ்சிகினு நவுந்துடுவேன். அப்பால மண்டியில டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும்.

எங்க சபையில வேதம் சொல்லித் தர்ற உபதேசியாருக்கு இது புடிக்கல. தொரைமாரு புஸ்தகமெல்லாம் படிச்ச மனுசன். ஒரு நாளு மண்டிக்கே வந்துட்டாரு.

"அண்ணாச்சி, கர்த்தரைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்திட்டு, ரோட்டுல போறவனை ஜட்ஜா உக்கார வைக்கிறீங்களே, நியாயமா? பட்டப்பகல்ல நின்னுக்கிட்டு வெளிச்சம் இருக்கான்னு கேக்கிறவனுக்கு ருசு எதுக்கு? எந்த வெளிச்சத்துல பார்த்துக் கேக்கிறான்னு அவனையே கேளுங்க. இல்லைன்னு வாதாடுற புத்தியே அவர் குடுத்தது. உள்ளுக்குள்ள அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறான்."

"அப்படிச் சொன்னா எவன்யா நின்னு கேப்பான்? கேட்டவனுக்கு ருசு குடுக்கணும்லா?"

எனக்கு ரெண்டு பேரையும் ஓட்டறதுல குஷி. "அண்ணாச்சி ஒரு ஒரு படியா ஏத்தி வூட்டு வாசல் வரிக்கும் கூட்டினு போறாரு. உபதேசியாரு, நீ வூட்டுக்குள்ளதான்டா குந்தினு கீறன்றாரு. நா டீ ஆறுதேன்னு பாக்குறேன்"னேன். ரெண்டு பேருமே சிரிக்கல.

அந்த மழைக்காலத்துல எங்கம்மா ஜொரத்துல பூட்சி. எனக்கு வேற யாரும் இல்ல. அடக்கத்துக்கும் அந்தக் கறுப்புச் சட்டைதான் போட்டுகினு போனேன்.

துரு தட்றவனுக்கு வேலை வுட்டு வந்தாலும் காதுல அந்த டங்கு டங்கு நிக்காது. முன்னெல்லாம் அம்மா பேசிப் பேசியே அத்த அமுக்கிடும். இப்ப ரூமுக்குள்ள நொழஞ்சா அது ஒண்ணுதான். சோத்துக்கு முன்ன ஜெபம் சொல்றதும் அம்மாதான். இப்ப நா சொல்லணும். கண்ண மூடிகினு ஆரம்பிச்சா, செவுத்தாண்ட பேசுற மாரி கீது. அந்தாண்ட யாரும் இல்லன்னா, எங்கம்மாவும் எங்கியும் இல்ல. எனக்கு அது தெரிஞ்சாவணும்.

அடுத்த பிரசங்கத்துல அண்ணாச்சி வாயத் தொறந்தாரு. ட்ராம் கேள்வி எனக்கு வரல.

"நா தெனம் பேசுறேன்யா. ஒரு பதிலும் இல்ல. கேக்குறதுக்கு அந்தாண்ட யார்னா கீறாங்களா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

கேட்டுகினே கறுப்புச் சட்டை கையால கண்ணத் தொடச்சேன்.

"ஏல தம்பி, நல்லாக் கேட்ட! என் மண்டியில கருப்பட்டி தானா வந்து உக்காந்துச்சால?"

கை தட்டுனாங்க. மண்டிக்குப் போனதும் அண்ணாச்சி முதுவுல தட்டி, "ஏல, அழுவுற மாதிரியே கேட்டியே, பிரமாதம்ல! நாளைக்கும் அப்படியே கேளு"ன்னு ரெண்டு துண்டு கருப்பட்டி குடுத்தாரு. அத்த வெச்சிட்டு நேரா உபதேசியார் வூட்டுக்குப் போனேன்.

"ஐயா, மெய்யாலுமே கேக்குறேன். கீறாரா?"

அவரு சிரிச்சாரு. அன்பாத்தான் சிரிச்சாரு. "நீ மெய்யாக் கேக்கல தம்பி. உனக்கு உள்ள தெரியும். நடிக்காத."

ஒருத்தரு நடிப்பு நல்லா கீதுன்னாரு. இன்னொருத்தரு நடிக்காதன்னாரு. ரெண்டு பேரும் நல்லவங்கதான். அவங்க பேசுனதெல்லாம் அந்தக் கறுப்புச் சட்டைகிட்ட. உள்ள குந்தினு இருந்தவன யாரும் பாக்கல.

மறுநாளு பலகையில தொங்கிகினு எல்லாத்தையும் தோஸ்துகிட்ட சொன்னேன். அவன் சுத்திய மடியில வெச்சிட்டான். அவன் வேலைய நிறுத்தி நா பாத்ததே இல்ல.

"முந்தாநேத்து உன் வூட்டாண்ட வந்தேன்டா. எங்கம்மா உனக்கு நெத்திலிக் கொழம்பு குடுத்தனுப்பிச்சி. நீ உள்ள கண்ண மூடிகினு பேசிகினு இருந்த. கொஞ்ச நேரம் நின்னுட்டு, தொந்தரவு பண்ண வாணாம்னு பூட்டேன்."

"கொழம்பு எங்கடா?"

"துன்னுட்டேன்."

"கஸ்மாலம்." எனக்கு சிரிப்பு வந்துச்சி, அப்பால வரல. "நீ கேட்ட இல்ல? சொல்லுடா. நா செவுத்தாண்ட பேசுன மாரி இருந்துச்சா, அந்தாண்ட யார்னா கீற மாரி இருந்துச்சா?"

அவன் மடியிலேர்ந்து சுத்திய எடுத்தான். அப்பால சொன்னான்:

"ஊருக்கே கேக்குற மாரி கத்துறவன், ஆளே இல்லாத வூட்ல, பக்கத்துல யாரோ குந்தினு கீற மாரி எதுக்குடா அவ்ளோ மெதுவா பேசுன?"