சுவிட்சைக் கும்பிட்ட அம்மா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன், பொறுத்துப் படியுங்கள்.

நேற்று எங்கள் அடுக்குமாடியில் கரண்டு போனது. பக்கத்து வீட்டு ஆன்டி மண்ணெண்ணெய் விளக்கோடு வந்தார். அந்தப் புகை வாசனையில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து ரயில் சத்தமெல்லாம் அடங்கி, சிறு வயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் வந்துவிட்டது: விடியுமுன் வாளிகள் இடிபடும் ஓசை, ஈர மரங்களில் ரப்பர் பால் சொட்டும் மங்குக் கிண்ணங்கள், ஆற்றோர மேட்டில் என் தங்கைப் பாப்பாவைப் புதைத்த இடத்தில் அம்மா வைக்கும் செம்பருத்தி.

மின்சாரத்துக்காக அந்த ஆற்றில் பெரிய அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி எங்கள் லயத்து வீடுகளும் அந்த மேடும் முழுகின. நாங்கள் இங்கே வந்தோம். அதன்பின் அந்தியில் சுவிட்சைத் தட்டியதும், குத்துவிளக்கு ஏற்றியவர் போல அம்மா விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"சுவிட்சுக்கு ஒரு தேங்காயும் ஒடச்சிடு லா," என்றார் அப்பா ஒரு நாள்.

"பாப்பா மேல நிக்கிற தண்ணிதாங்க இந்த வெளிச்சம்," என்றார் அம்மா. அப்பா பிறகு கேலி செய்ததே இல்லை.

இப்போது இருவரும் இல்லை. நேற்று கரண்டு திரும்பியபோது என் விரல்கள் தாமாகவே கண்ணுக்குப் போயின.

"என்ன தம்பி, பல்புக்குக் கும்பிடா?" என்று ஆன்டி சிரித்தார்.

"தங்கச்சிக்கு, ஆன்டி," என்றேன்.

எழுதியது: ஆடி இரண்டாம் வெள்ளி, பிரிக்பீல்ட்ஸ்.