என் வீட்டில் விளைந்த சம்பா

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவனுக்கு அடுத்தவன் நிலத்தைப் பற்றித்தான் எல்லாம் தெரியும். தன் நிலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த அறிவும் எழுந்து போய்விடும்.

ஒரு தடவையாவது அந்தப் படிகளில் ஏறி, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு இறங்கியவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை. நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

என் நிஜமான வேலை ராத்திரி வேலை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுவது. நெல் அவியும் வாடையில் விடியவிடிய உட்கார்ந்திருப்பவனுக்கு, உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் தூங்குகிறார்கள் என்று ஒரு துக்கம் வந்துவிடும். அதற்கப்புறம் கையில் எது கிடைத்தாலும் படிப்பான். எனக்குக் கிடைத்தது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஒரு வருவாய்த்துறைக் கையேடு. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் அதை மூன்று முறை படித்தேன். பதிவேட்டில் 'நத்தம்' என்று இருந்தால் அந்த மண்ணில் வீடு கட்டலாம். 'நஞ்சை' என்று இருந்தால் நெல்தான் போட வேண்டும். 'புறம்போக்கு' என்றால் அரசாங்கத்துடையது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அதிகாரமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. மறு மாதமே ஒரு பழைய டைப்ரைட்டரோடு தாலுகா ஆபீஸுக்கு எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி உமி, பகலில் மனு. தூக்கம் இடையில் எங்கேயோ.

அந்த வருஷங்களில் என் சொந்த வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது. சிங்காரவேலு என்ற பெரியவரின் வயல் மூலையில் மூன்று சென்ட் வாங்கிச் சுவர் எழுப்பியிருந்தேன். எழுப்பிய பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த மூலை நஞ்சை. கையேட்டில் காணாமல்போன பக்கங்களில் அது பற்றி ஏதாவது எழுதியிருக்கும். நஞ்சையை மனை என்று மாற்றி உத்தரவு வாங்கினால்தான் பஞ்சாயத்து அனுமதி; அனுமதி வந்தால்தான் கரண்ட். என் மனைவி வசந்தா தன் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டு, நான் மில்லுக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் எழுதுறீங்களே, நமக்கு எப்ப எழுதப் போறீங்க?"

முதல் ஆட்சேபணை

என்னிடம் வந்த முதல் ஆசாமி வாய்க்கால் கரையில் குடியிருந்த ஒரு பெரியவர். பட்டா வேண்டும் என்றார். நான் காகிதத்தை மெஷினில் சொருகாமல் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். புறம்போக்கில் இரண்டு வகை உண்டு, ஆட்சேபணையுள்ள புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் முதல் வகை. அதில் குடியிருந்தால் அது ஆக்கிரமிப்பு. பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாம் மனப்பாடம். எனக்கு வாங்கிய டீயை அவர் குடித்து முடிக்கும் வரை பேசினேன்.

பெரியவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டை உதறினார். "நாப்பது வருஷமா அங்கதான் இருக்கேன். கலெக்டர் ஒண்ணும் சொல்லல, வெள்ளம் ஒண்ணும் சொல்லல, ஓட்டு கேட்டு வந்த ரெண்டு கட்சிக்காரனும் கும்பிட்டுட்டுத்தான் போனான். வேணாம்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான் தம்பி!"

மஞ்சள் கற்கள்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கரைவேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் எழுதாது. தென்னந்தோப்பை விற்று இங்கே வயலை வாங்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு, ஏதோ ஒரு நகர் என்று போர்டும் வைத்துவிட்டார். நட்ட கற்களுக்கு நடுவே போன போகத்து அறுப்புத் தாள் இன்னும் நின்றது. விற்பனைக்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார்.

இரண்டு ராத்திரி பாய்லர் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குப் பொய் வராது என்பதைவிட, தெரிந்த வார்த்தையை விட மனசு வராது என்பதே சரி. 'மேற்படி நிலம் தற்போது நஞ்சை வகைப்பாட்டில் உள்ளது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் மனைப்பிரிவு அங்கீகாரத்துக்கும் இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். வடிகால் வசதி ஆய்வுக்கு உட்பட்டது' என்று தொடங்கி, கீழே 'வாரீர், வாங்கி மகிழ்வீர்' என்று முடித்திருந்தேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். நோட்டீஸை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னேன், நீங்க கருமாதிப் பத்திரிகை எழுதியிருக்கீங்க."

அஞ்சலையின் முருங்கை

அஞ்சலை நடவு வேலைக்குப் போகிறவள். அவள் குடிசை, அவள் மாமனார் காலத்திலிருந்து வேலை பார்த்த மிராசுதாரின் வயலோரத்தில் இருந்தது. கூலித் தகராறில் சங்கத்துக் கொடி பிடித்தாள் என்று, இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நான்கு பக்கம் எழுதினேன். 'குடியிருப்பு அனுபோகம்', 'இடையறாத சுவாதீனம்', 'மேற்படி மனையின் நான்கெல்லை' என்று ஒன்று விடவில்லை. படித்துக் காட்டியபோது அஞ்சலை கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுல என் வீடு எங்கங்க வருது?" என்றாள். மூன்றாம் பக்கம் என்றேன்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். தாசில்தார் என் நான்கு பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நீ சொல்லும்மா" என்றார். "அந்தக் குடிசையிலதாங்க ரெண்டு புள்ள பெத்தேன். வாசல்ல நிக்கிற முருங்கை நான் வச்சது. வந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக்கொண்டார். நேரில் வந்து முருங்கையையும் பார்த்தார். மனை அவள் பெயருக்கே ஆனது. விசாரணை முடிந்து வெளியே வந்த அன்று என் முகம் தொங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, அஞ்சலைதான் ஆறுதல் சொன்னாள்: "நீங்க எழுதுனது வீணாப் போகலைங்க. உள்ள பெஞ்சு ஒரே ஈரம், நகலை விரிச்சுப் போட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

மூன்று வருஷத் தரிசு

ஒருவழியாக எனக்கே எனக்கு ஒரு மனு எழுதினேன். நஞ்சை மனையாக மாற வேண்டுமானால், அங்கே சாகுபடி இல்லை, பக்கத்து வயலின் பாசனத்துக்கு இடைஞ்சலும் இல்லை என்று காட்ட வேண்டும். 'மேற்படி நிலம் கடந்த மூன்று ஆண்டுகளாகப் பயிர் ஏதுமின்றித் தரிசாகக் கிடக்கிறது' என்று தட்டினேன். அந்த வரியின் அழகுக்காகவே இன்னொரு கார்பன் நகல் எடுத்து மில்லுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

வி.ஏ.ஓ. என்னைவிட இளையவர், எதற்கும் அவசரப்படாதவர். என்னை 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவார். மனுவை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, சுண்ணாம்பு காயாத சுவரில் கை வைத்தவர் மாதிரி விரலைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சுவரில் அப்போதுதான் முதலமைச்சர் படம் மாறியிருந்தது. ஆணி பழைய ஆணி. "நல்லாயிருக்கு ரைட்டர். மழை முடியட்டும், வந்து பாக்குறேன். அதுவரைக்கும் வேற எதையும் எழுதாம இருங்க, போதும்."

முழு விஸ்தீரணம்

எழுதாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் இந்த மரத்தடிக்கு வருகிறேன்? ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. நட்டு இருபது நாளான சம்பா முழுகிவிட்டது. வெள்ள நிவாரணத்துக்கு ஊரே என் முன்னால் நின்றது. கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்ததால், பட்டியலைப் பார்த்து வரிசையாகத் தட்டினேன். பெயர், சர்வே எண், பயிர் சம்பா, பாதிப்பு முழு விஸ்தீரணம். பெயர், சர்வே எண், பயிர் சம்பா, பாதிப்பு முழு விஸ்தீரணம். மூன்று நாள் தூங்காத விரல்கள், என்னைக் கேட்காமலே ஓடின. சிங்காரவேலுவின் எண் வந்தது. அதையும் தட்டினேன். என் மூன்று சென்ட் இன்னும் பிரிக்கப்படாமல் அந்தப் பட்டாவில்தான் இருந்தது என்பதோ, அதில் முழுகியது என் சமையல்கட்டும் கூடம் ஒன்றும் என்பதோ அப்போது தோன்றவில்லை.

இரண்டு காகிதமும் ஒரே மேஜைக்குத்தான் போகும். பயிரே இல்லாத தரிசு என்று ஒன்று, பயிர் முழுகிவிட்டது என்று இன்னொன்று, இரண்டிலும் என் மெஷினின் உடைந்த 'ழ'. என் உத்தரவு நின்றது. அது மட்டுமானால் பொறுத்துக்கொள்வேன். சந்தேகத்தின் பேரில் சிங்காரவேலுவின் நிவாரணத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெரியவர் முழங்கால் சேற்றோடு மரத்தடிக்கு வந்து நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வெள்ளத்துக்குத் தப்பிச்சது கரையோரமா நாலு குழிதாம்ப்பா. அதையும் நீ எழுதியே முழுகடிச்சுட்டியே."

ஸ்தல தணிக்கை

மார்கழியில் வி.ஏ.ஓ. வந்து பார்த்தார். நானும் வசந்தாவும் சிங்காரவேலுவும் முன்னாலேயே போய் நின்றோம். இரண்டு காகிதத்தில் எது பொய் என்று அவர் எழுத வேண்டும். அதில்தான் என் வீடும் இருந்தது, பெரியவரின் நிவாரணமும் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி மடியில் வைத்திருந்தேன். கூரையில்லாத வாசல் வழியாக உள்ளே போன வி.ஏ.ஓ. அங்கேயே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். தரையை மேடாக்குவதற்காக வயல் மண்ணைக் கொட்டி வைத்திருந்தோம். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த நாற்றெல்லாம் அதில் ஒதுங்கி, வேர் பிடித்து, சமையல்கட்டு முழுக்கப் பச்சைப் பசேல் என்று நின்றது. தூர்கட்டக்கூட ஆரம்பித்திருந்தது. அதைவிட நல்ல பயிர் அந்த வருஷம் ஊரில் எங்கும் இல்லை. "ரைட்டர், நீங்க எழுதின ரெண்டும் பொய்யில்லை போலிருக்கே" என்றார் வி.ஏ.ஓ. சிங்காரவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மடியிலிருந்த காகிதத்தை எடுத்தேன்.

வசந்தா அதை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகி உள்ளே இறங்கி, ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி வி.ஏ.ஓ. காலடியில் போட்டாள். இன்னொரு பிடி. "இது வயலில்லீங்க சார். இந்த மூலையில அடுப்பு. அந்த மாடத்துல விளக்கு. ரெண்டு வருஷமா அண்ணன் வீட்டுல கிடக்குறோம். நாத்து அவுரு வயலுது, வெள்ளம் கொண்டாந்து போட்டுச்சு. இவரு தூக்கக் கலக்கத்துல தப்பா அடிச்சுட்டாரு. அம்புட்டுத்தான்." வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். மூன்று சென்ட்டைக் கழித்துப் பெரியவரின் நிவாரணத்துக்கு அங்கேயே பரிந்துரை போட்டார். எங்கள் மனுவிலும் 'வீடு உள்ளது, சாகுபடி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிங்காரவேலு குனிந்து, பிடுங்கிப் போட்ட நாற்றையெல்லாம் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டார். வயலில் பயிர் அழுகிப்போன இடத்தில் நடலாமாம். எல்லோரும் போன பிறகு, சேற்றுக் கையோடு நின்ற வசந்தா என் ஒரு பக்க விளக்கத்தை இடுப்பிலிருந்து எடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே நம்ம வீட்டுக்கு எது வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க, நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

அடுத்த ஆடிக்கு உத்தரவு வந்தது, கரண்டும் வந்தது. ராத்திரியெல்லாம் மில்லில் கிடக்கும் நான் அந்த விளக்கு எரிந்து அதிகம் பார்த்ததில்லை என்றாலும், பதிவேட்டில் என் மூன்று சென்ட்டுக்கு நேரே 'மனை' என்று எழுதியிருப்பதை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் படித்துவிட்டு வருகிறேன்.