நான்காவது மூலை

அறுபதுகளில் செம்பூரில் ஒரு பட்டறையில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தேன். வேறொரு ஊரில் புதிதாகச் சண்டை விமானம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் இறக்கையைத் தாங்கும் இரும்புப் பிடிகள் முப்பத்தாறுக்கு எங்களிடம் ஆர்டர். ஒரு பிடி உடைந்தால் ஓட்டுகிறவன் விழுவான். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும் மாட்டுங்காவிலிருந்து ரயிலேறும்போதெல்லாம் அவன் நினைவுதான் வரும்.

விமானம் கனத்துவிட்டது, எடையைக் குறையுங்கள் என்று கடிதம் வந்தது. எங்கள் பிடிகள் அளவுக்குள்தான் இருந்தன. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்போம். தடிமன் இருநூற்று நாற்பத்தைந்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து தௌ வரை இருக்கலாம். எங்களுடையவை எல்லாம் இருநூற்று ஐம்பத்து நான்கு. மில்லிங் மிஷின் ஓட்டியவர் தாராவியிலிருந்து வருவார், திருநெல்வேலிக்காரர். எல்லாம் ஏன் மேலேயே நிற்கின்றன என்று அவரைக் கேட்டேன்.

"கூடுனா மறுபடி சீவிக்கிடலாம் சார்வாள். கொறஞ்சா ஒட்டவா முடியும்? எல்லாப் பயலும் மேல்கோட்டுலதான் நிப்பான்."

எல்லாப் பட்டறைகளும் அப்படி நின்றதில் விமானம் கனத்திருக்கிறது. ஏழு தௌ சீவச் சொன்னேன். பிடிக்குப் பதினோரு கிராம். மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அரைக் கிலோவுக்கு நூற்று நான்கு குறைவு. அதற்காகக் கீழ்க்கோட்டுக்கு இரண்டே தௌ மேலே வந்து நின்றோம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அனுப்பும் நாளில் இருபத்தெட்டு பிடிகளைப் பார்த்துப் பெட்டியில் வைத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் மூன்று மூலைகளை அளப்பது வழக்கம். நான்காவதை ஒரு மடிப்பு மறைக்கும். பிடியைத் தலைகீழாகத் திருப்பினால்தான் மைக்ரோமீட்டர் எட்டும். அதுவரை யாரும் திருப்பியதில்லை. இருபத்தொன்பதாவதை, பயத்தில், திருப்பினேன். இருநூற்று நாற்பத்திரண்டு. மூன்று தடவை அளந்தேன். அதேதான்.

மிஷின்காரர் வாங்கிப் பார்த்தார். "அடியில இரும்புச் சுருள் சிக்கியிருக்கு. சாஞ்சு வெட்டிட்டு," என்றார்.

கனமாக இருந்தவரை அந்த மூலை ஐந்து தௌ சாய்ந்திருந்தாலும் கீழ்க்கோட்டுக்கு மேலேதான் நின்றிருக்கும். இப்போது நிற்காது. பெட்டிக்குள் இருந்த இருபத்தெட்டிலும் அந்த மூலையை நான் பார்த்திருக்கவில்லை.

"பெட்டியைப் பிரிக்கணும்," என்றேன்.

மானேஜர் மாட்டுங்காக்காரர். "ஓய், லாரிக்காரன் வாசல்ல நின்னுண்டு ஹாரன் அடிக்கறான். அந்த மூலைய எவன் அளக்கப் போறான்? சலேகா, பரவால்ல, அனுப்பும்!"

"அங்கே அளக்க மாட்டா சார். அதான் பயமா இருக்கு."

"பயந்தாங்கொள்ளியை இன்ஸ்பெக்‌ஷன்ல போட்டது என் தப்பு!"

பிரித்தோம். மிஷின்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க நான் அளந்தேன். வியர்வையில் மைக்ரோமீட்டர் வழுக்கியது. வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன். ஐந்தாவதில் இருநூற்று நாற்பத்து மூன்று. பத்தொன்பதாவதில் நாற்பத்து நான்கு. பெட்டிக்குப் போகாத மீதி ஏழும் சரியாக இருந்தன. மூன்றுக்குச் சிவப்பு மை வைத்தேன்.

"மூணு கொறஞ்சா அடுத்த ஆர்டர் நமக்குக் கெடையாது. தெரியுமோல்லியோ?" என்றார் மானேஜர். தெரியும் என்றேன். முப்பத்து மூன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மிஷின்காரர் மூடியில் ஆணி வைத்து, சுத்தியலைத் தூக்கி, என்னைப் பார்த்தார். "அடிக்கட்டா சார்வாள்?"

அடியுங்கள் என்றேன். ஒவ்வோர் ஆணிக்கும் கேட்டார். ஏழாவது ஆணியில் நிறுத்தச் சொன்னேன்.

"பதினேழாவதைத் திருப்பினேனா அண்ணாச்சி?"

"திருப்புனீயன்னுதான் நெனைக்கேன்."

"நினைக்கிறது போதாது."

அவர் சுத்தியலைத் திருப்பி ஆணியைப் பிடுங்கினார். வாசலில் லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.