ஐயாத்துரையின் சைக்கிள் காவடி

பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்த ஐயாத்துரைக்கு நாற்பது வயதில் கல்யாண ஆசை வந்தது. தாமதமாக வந்தாலும் பலமாக வந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றினார், மீசைக்கு மை பூசினார். அவருடைய அக்கா பத்மாவதி பெண்ணும் பார்த்துவிட்டார்: சுங்கை பாக்காப்புக்கு உள்ளே, எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் அருந்ததி. போட்டோக்கள் கைமாறின. டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள்.

"நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு டவுனுக்கு வர மாட்டேன். வாரா வாரம் அவர்தான் வரணும். சிம்பாங் முச்சந்தியோட பஸ் நின்னுடும், அப்புறம் எங்க வீடு வரைக்கும் கல்லு ரோடுதான். தைப்பூசம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமை சொந்த வண்டியில வந்து காட்டட்டும். பாதியில நின்னா அப்படியே திரும்பிப் போயிடலாம்."

ஐயாத்துரைக்குக் கார் ஓட்ட வராது. லைசென்ஸ் சோதனையில், பின்னால் எடுக்கச் சொன்ன காரை முன்னால் விட்டு அதிகாரியின் மதியச் சாப்பாட்டின் மேல் ஏற்றியவர். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலோ விக்கல் வரும். மிச்சம் இருந்தது அப்பா விட்டுப்போன இங்கிலாந்து ரேஸ் சைக்கிள். கிடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில், சுண்டுவிரல் தடிமனில் டயர். தார் ரோட்டில் தீக்குச்சி கிடந்தாலே முதுகெலும்புக்குச் செய்தி போய்விடும்.

சூலியா ஸ்திரீட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த சுலைமானிடம் உருட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இது கல்லு ரோட்டுல ஓடணும்."

"அண்ணே, இது பந்தயக் குதிர. நீங்க எரும வேல சொல்றீங்க."

"அப்ப எருமையா மாத்து."

மாற்றினான். ஃபிரேமுக்குள் தடித்த டயர் நுழையவில்லை. ஆகவே சக்கரங்களையே கழற்றிவிட்டு, ஒரு சுற்றுச் சிறிய சக்கரங்களில் பெச்சா ரிக்ஷாவின் தடித்த டயரைப் போட்டான். ஏற்றத்துக்கென்று பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பல்சக்கரம். ஹேண்டிலைத் தலைகீழாகத் திருப்பியதும் கொம்பு மேலே வந்து எருமை முழுமையானது. ஒரே குறை, சக்கரம் சிறுத்ததில் பிரேக் கட்டை ரிம்மை எட்டவில்லை. பிடித்தால் பூனையைத் தடவுவது போல டயரைத் தடவிக் கொடுத்தது.

"பிரேக் எதுக்குண்ணே? கல்லுல வண்டி தானா நிக்கும்லா."

ஓட்டிப் பார்க்க ஜார்ஜ்டவுனில் கல் ரோடு ஏது? சந்துக்குச் சந்து தார். யோசித்த ஐயாத்துரைக்கு வெள்ளி ரதம் ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் போகும் வழியெல்லாம் தேங்காயை மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். ரதம் கடந்தபின் ரோடு முழுக்க ஓடுதான். கல்லைவிட மோசம். அதில் ஓடிவிட்டால் அருந்ததி வீடு எம்மாத்திரம்?

புது வண்டிக்குப் பூசை போடாமல் விடமாட்டேன் என்று அக்கா மாலை சாத்தி, கொம்புக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் கட்டினார். வேட்டியும் விபூதியுமாக ஐயாத்துரை ரதத்துக்குப் பின்னால் ஏறி மிதித்தார். டயர் தாங்கியது. தேங்காய்ச் சில்லு இரண்டு பக்கமும் தெறித்தது. வென்றாயிற்று என்று இறங்கப் போனபோது கூட்டம் பார்த்துவிட்டது.

"ஏய், சைக்கிள் காவடி வருதுப்பா! வழி விடு!"

"காவடி இல்லீங்க, டெஸ்ட்டு..."

"கால ஊன விடாதீங்க! நேர்த்தி கெட்டுரும்!"

ஊன்றிய காலை ஒருவர் பக்தியோடு தூக்கி மிதிகட்டையில் வைத்தார். பின்னால் நாலைந்து பேர் "வேல் வேல்" என்று தள்ளினார்கள். பெண்கள் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பாதம் சுற்றிக்கொண்டிருந்ததால் மூக்குக்கண்ணாடிக்கும் கொஞ்சம் கிடைத்தது. ஒருத்தி குழந்தையை நீட்டினாள், விபூதி பூசினார். பிரேக்கைப் பிடித்தார், அது டயரைத் தடவியது. அவர் ரதத்தையே முந்தினார் என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பொய். ரதம்தான் ஒதுங்கி வழிவிட்டது.

ரதம் போய்ச் சேரும் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு மோர் அண்டாதான் அவரை நிறுத்தியது. அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவர்கள், எஸ்டேட் லாரியில் வந்திருந்த அருந்ததியும் அவள் அம்மா தவமணியும்.

தவமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போட்டோவுல பார்த்த மாப்பிள்ளைலா! உனக்காக நேர்த்தி வச்சிருக்காருடி!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நிமிடமே கல்யாணம் முடிந்திருக்கும். ஆனால் அருந்ததி குனிந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"நேர்த்தியா, இல்ல பிரேக் இல்லையா?"

மீசையிலிருந்து மோரும் மையும் சேர்ந்து வடிந்தன. "பிரேக் இல்ல டீச்சர். நேர்த்தியும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குப் பழகிப் பார்த்தேன்."

"பழகியாச்சா?"

"வண்டி பழகிடுச்சு. நான்தான் இன்னும் பழகல."

அருந்ததி சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஏறினாள். தேங்காய் ஓட்டின் மேலேயே ஒரு வட்டம் அடித்துவிட்டுக் காலை ஊன்றி நின்றாள்.

"நல்லாத்தான் ஓடுது. இத லாரியில ஏத்திட்டுப் போறேன். நீங்க சிம்பாங் வரைக்கும் பஸ்ல வந்துடுங்க, நான் வந்து ஏத்திக்கிறேன்."

"சொந்த வண்டியில வரணும்னு சொன்னீங்களே?"

"ஏன், இது உங்க சொந்த வண்டி இல்லையா?"

சுலைமான் எஸ்டேட்டுக்கே போய்க் கடைசி உறுப்பையும் பொருத்தினான்: பின்னால் ஒரு கேரியர். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மிதிக்க, மாப்பிள்ளை பின்னால் ஒரு கையில் பழத்தட்டும் மறு கையில் குடையுமாக வந்தார். கல் ரோட்டில் ஓரிடத்திலும் வண்டி நிற்கவில்லை. வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. பின்கட்டில் இருந்த கோழிக்கூண்டுதான் நிறுத்தியது.