மாடியில் காய்ந்த கயிறு

சென்ற மாதம் என் அத்தை பணி ஓய்வு பெற்றார். குருசுக்குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்து, பாலிமர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, பிரான்சு ஆய்வுக்கூடம்வரை போய்த் திரும்பியவர். அளந்து பார்க்காத எதையும் அவர் சொல்லமாட்டார் என்று விழாவில் பேசிய எல்லாரும் புகழ்ந்தார்கள். உண்மைதான். மழை வருமா என்று கேட்டால்கூட, "தெரியாது, பாக்கணும்" என்பவர். அப்படிச் சொல்லாத ஒரு நாள் எனக்குத் தெரியும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அத்தை முனைவர் பட்டத்துக்காக எங்கள் மாடியில் பிளாஸ்டிக் கயிறுகளைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டி வெயிலில் விட்டிருந்தார். அவ்வப்போது ஒன்றை அவிழ்த்துப் போய்க் கல்லூரி இயந்திரத்தில் அறும்வரை இழுத்துப் பார்ப்பார். கயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள் இருப்பதாகவும், வெயில் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டுவதாகவும் எனக்குச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது வேடிக்கை. "நல்ல கயித்தை வாங்கியாந்து வடாம் மாதிரி காய வெக்கிறா பாரு" என்பார்.

ஐப்பசியில் ஒரு காலை, அத்தையின் பின்னாலேயே நானும் மாடிக்குப் போனேன். ஓரத்துக் கயிறு இல்லை. கீழே வந்து கேட்டதும் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்கண்ணன்தான் விடியக்காலையில அவுத்துக்கினு போனாரு. நங்கூரக் கயிறு நைஞ்சிபோச்சாம்."

அத்தை மறுபடி மாடிக்கு ஓடினார். பக்கத்துக் கயிற்றை இரண்டு கையிலும் சுற்றி, முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். அப்பளம் நொறுங்குவதுபோன்ற சத்தத்தோடு கயிறு அறுந்தது. உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். காற்று ஏறியிருந்தது.

மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அப்பாவின் படகு மட்டும் வரவில்லை. எஞ்சின் நின்றுபோய் நங்கூரம் போட்டுக் கிடக்கிறது என்று கடைசியாக வந்தவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். காலையில் அத்தை ஓடிய ஓட்டத்தை அவள் மறக்கவில்லை.

"படிச்சவ நீ. உள்ளதைச் சொல்லு. அந்தக் கயிறு தாங்குமா?"

"தாங்கும் அண்ணி."

"எதைக் கேட்டாலும் பாக்கணும்னுவியே."

"பாத்துட்டேன். தாங்கும்."

அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. எனக்கும் பயம் போய்விட்டது. கிளிஞ்சல் பொறுக்கக் கிளம்பினேன்.

அத்தை பக்கத்து வீட்டு மாமாவை அவருடைய படகுக்குப் பின்னால் அழைத்துப் போனார். பேசும்போது மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "இந்த அலையிலயா?" என்று மாமா கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் படகைத் தள்ளினார்கள். அலை திருப்பித் திருப்பிக் கரையில் எறிந்தது. ஒருவழியாகத் தாண்டிப் போனார்கள்.

வெயில் சாயும்போது அந்தப் படகு அப்பாவின் படகை இழுத்துக்கொண்டு வந்தது. முழங்கையில் ரத்தத்தோடு அப்பா இறங்கினார்.

"பட்டுனு போச்சி. கல்லுப் பக்கம் அடிச்சிக்கினு போறோம், நல்லவேளை இவன் வந்தான்" என்றவர், அத்தையைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "உன் கயித்துல ஊஞ்சகூடக் கட்ட முடியாது போலக்கீதே."

அம்மா சிரிக்கவில்லை. "தாங்கும்னியே" என்றாள். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் நடத்திப் போனாள்.

நான் அத்தையிடம் ஓடினேன். "உன் கணக்குத் தப்பு அத்தே."

என் தலையில் கை வைத்தார்.

"ஆமாண்டி, தப்பாயிடுச்சி."

இவ்வளவு படித்த அத்தைக்கும் கணக்குத் தப்பும் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்ற பெருமையில், அன்று விளக்கு வைக்கும்வரை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். விசாரித்த யாரிடமும் அத்தை மறுக்கவில்லை.