யாரும் மீன் பிடிக்காத ஆறு

முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். சிந்து நதி திபெத்தில் பிறந்து, லடாக் வழியாக இறங்கி, அரபிக்கடலில் விழுகிறது என்பதை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. நீலச் சாக்பீஸ் தீர்ந்துபோனால் பச்சையில் வரைவேன்; பிள்ளைகளும் பச்சையிலேயே வரைந்துகொள்ளும். அந்த ஆற்றங்கரையிலும் மனிதர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், மருமகளோடு சண்டை போடுகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் மகள் அங்கே, லடாக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக வேலைக்குப் போன பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஊர் பதினோராயிரம் அடி உயரத்தில். முதல் மாதம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியதாம். இங்கிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துபோக, அதை வெயிலில் வைத்துக் காத்திருந்து தலைக்குத் தேய்த்திருக்கிறாள். ஆற்றுக்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு பௌத்த மடம். விடியும்போது அதன் மொட்டைமாடியில் நின்று பிக்குகள் ஆள் நீளத்துக்கு ஒரு குழலை ஊதுவார்கள் என்றாள். நான் போனில் ஒவ்வொன்றாகத் துருவிக் கேட்பேன். குழல் பித்தளையா, செம்பா? ஊதுகிறவர் பல் தேய்த்துவிட்டு ஊதுவாரா, ஊதிவிட்டுத் தேய்ப்பாரா? "அம்மா, உங்களுக்கு வேற வேல இல்லியா?" என்பாள். ரிட்டயர்டு ஆனவளுக்கு வேறு என்ன வேலை?

இரண்டாவது வருடம் அவளே ஒரு செய்தி சொன்னாள். அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாக இருக்கும் ஒருவரைக் கட்ட விரும்புகிறாள். அந்த ஊர்க்காரர், பௌத்தர், வீடு மடத்துக்கு நேர் கீழே. "அப்பா வேண்டாம்னு சொன்னா கட்ட மாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்கச் சொல்லாதீங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அது அவள் அப்பாவிடமிருந்து வந்த குணம்.

அந்த அப்பா தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். சின்ன வயதில் கடலுக்குப் போனார்; பிறகு பன்னிரண்டு வருடம் கல்ஃபில் இருந்தார்; திரும்பிவந்து ஏலத்தில் நின்றார். தொழிலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாகர்கோவில் பஸ்சில் அவர் வந்து உட்கார்ந்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் அவரிடமே நெய்மீன் பேரம் பேசியதை அவர் மறக்கவில்லை. மகள் சொன்னதைக் கேட்டு, மதம் வேறாயிற்றே என்று குதிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ, "பையன் இஞ்ச வரட்டு. நம்ம வீட்டுல உக்காந்து சோறு தின்னட்டு. பொறவு பாப்போம்" என்றார்.

அவர்கள் இருவரும் வந்துசேரும் நாள் பௌர்ணமி. மகள் முந்தின நாள் ரயிலிலிருந்து செய்தி அனுப்பினாள்: பௌர்ணமியில் அந்த ஊர்ப் பௌத்தர்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, பார்த்துச் செய்யுங்கள் என்று. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்களான நாங்களும் இறைச்சியைத் தொடமாட்டோம். இறைச்சி இல்லையென்றால் என்ன? மீன்தான். நான் பிறந்ததிலிருந்து அதில் சந்தேகமே வந்ததில்லை. ஆகவே அதிகாலையில் துறைமுகத்திலிருந்து அவரே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்ததையெல்லாம் சமைத்தேன். தேங்காய் அரைத்த சாளைக் கறி, பொரித்த நெய்மீன், இறால் தொக்கு, மரச்சீனிக்கிழங்கு, கடைசியாக ஒரு பெரிய தட்டு நிறைய தலையோடு மொறுமொறுவென்று பொரித்த, விரல் நீளமே உள்ள நெத்தோலி மீன். பௌத்தருக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பையன் நெட்டையாக, வெயிலில் காய்ந்த கன்னத்தோடு, கூச்சமாக வந்தான். உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு பை கொடுத்தான். தமிழில் "வணக்கம் அம்மா" மட்டும் தெரியும். என் கணவருக்குக் கல்ஃபில் கற்ற இந்தி உண்டு. எனக்கு இந்தி கிடையாது. ஆக அவர்கள் இருவரும் பேசுவதை மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த இந்தியை எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன்.

சோறு போடுமுன் ஒரு மணி நேரம் நான் அவனை விடவில்லை. சிந்து நதி ஒரு சிங்கத்தின் வாயிலிருந்து வருவதாக அவன் ஊரில் நம்பிக்கையாம். முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பாடநூலும் எனக்கு அதைச் சொல்லவில்லை. மடத்துக்குக் கீழே ஓடையில் ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். உள்ளே மந்திரம் எழுதிய காகிதம். தண்ணீர் தள்ளத் தள்ள அது சுற்றும், சுற்றச் சுற்ற ஜெபம் ஆகும். ராவும் பகலும் தண்ணீரே ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஜெபமாலைக் கூட்டத்தில் பாதியில் தூங்கிவிழுகிறவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய சித்தப்பா அந்த மடத்தில் பிக்கு. ஏழு வயதில் போனாராம். "பிள்ள விரும்பிப் போச்சா, வீட்டில அனுப்பினாவளா?" என்று கேட்டேன். வீட்டில்தான் அனுப்பினார்கள், இப்போது அவரைக் கூப்பிட்டாலும் வரமாட்டார் என்றான்.

என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஆத்துல மீனு உண்டா?"

"நெறைய உண்டு. கைய விட்டா கிட்ட வரும்."

"வலையா, தூண்டிலா?"

"யாரும் பிடிக்க மாட்டாங்க."

"ஒருத்தனுமா?" இவருக்குப் பொறுக்கவில்லை. கைக்கு எட்டுகிற மீனைச் சும்மா விடுகிற ஊர் என்று ஒன்று இருக்கும் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எழுந்துபோய்ச் சோறு பரிமாறினேன்.

அவன் தட்டைப் பார்த்தான். நெத்தோலியை நான் அள்ளி வைத்திருந்தேன், முப்பது நாற்பது இருக்கும். அவ்வளவு கண்ணும் அவனைப் பார்த்தன. அவன் கையை மடியிலேயே வைத்திருந்தான். மகள் அப்போதுதான் கைகழுவிவிட்டு வந்து பார்த்து, "அய்யோ, அம்மா!" என்றாள்.

"இறைச்சி இல்லைன்னியே, அதான் மீன் வச்சேன்" என்றேன்.

"மீன் பௌர்ணமியில மட்டும் இல்லம்மா, என்னைக்குமே தின்ன மாட்டாவ. அந்த ஊரில யாருமே தின்னாததால, சொல்லணும்னே எனக்குத் தோணல்ல."

இவர் சோற்றில் கைவைத்தவர் நிமிர்ந்தார். "மத்த நாளில ஆடு தின்னுவியா?"

"தின்னுவேன், அங்கிள்."

"மீனு தின்ன மாட்டே?"

பையன் மெதுவாகச் சொன்னான். அவர்கள் மலையில் வளர்க்கும் யாக் மாடு ஒன்று என்றால் ஒரு உயிர். குளிர்காலம் முழுக்க ஒரு வீடு அதைத் தின்னும். இந்தத் தட்டில் இருப்பது ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குத்தான்; ஆனால் எத்தனை உயிர்! சின்ன உயிராக இருந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று ஒன்றுதான். எனக்கு அது புதிதாக இருந்தது, கணக்கிலும் தப்பில்லை. மேலும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். என் கணவரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"அப்போ நான் தெனமும் ஏலம் விடுதது எத்தன உயிராக்கும்? எண்ணிச் சொல்லு. எங்க அப்பன் பிடிச்சது, அவுகளுக்க அப்பன் பிடிச்சது, எல்லாத்தையும் சேத்து எண்ணு. நாங்க பாவியளா?"

மகள் இதை என்னிடம் சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் வாழ்க்கை அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றது. நான் செய்த வேலை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

இவர் விடவில்லை. "ஆட்ட யாரு அறுப்பா? நீயா?"

"இல்ல. பக்கத்து ஊர்ல ஒரு குடும்பம் இருக்கு. அவங்கள விளிப்போம்."

"தின்னுகது நீங்க. பாவம் அவனுக்கு. அப்படித்தானே?"

பையனின் கன்னம் இன்னும் சிவந்தது. "ஆமா அங்கிள். அது சரியில்லதான். எங்கிட்ட அதுக்கு நல்ல பதில் இல்ல" என்றான்.

இவர் கொஞ்சம் நிதானப்பட்டார். எதிராளி பொய் சொல்லாவிட்டால் இவரால் நெடுநேரம் கத்தமுடியாது. சண்டை முடிந்தது என்று நினைத்து ரசத்தை எடுத்தேன். ஆனால் அவர் கேட்க வைத்திருந்த கேள்வியை அப்புறம்தான் கேட்டார். இம்முறை குரல் உயரவில்லை.

"அந்த அறுக்கியவன் வீட்டில, உங்க ஆளுவ பெண்ணு எடுப்பாவளா?"

பையன் அவரை நேராகப் பார்த்து இரண்டு மூன்று வாக்கியம் சொன்னான். என் கணவரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அதுவரை ஒரு சொல் விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மகள் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் அந்த அறையில் கிடந்தது. நான் எவ்வளவு நேரம் பொறுப்பேன்?

"ஏட்டி, என்ன சொன்னான்?"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "எடுக்க மாட்டாங்க, அங்கிள். எங்க அம்மையும் அதத்தான் சொன்னாவ. கொல்லுற வீட்டில பெண்ணு எடுத்தா இந்த வாசலுக்கு வராதேன்னு. நான் எடுக்கதுக்குத்தான் வந்திருக்கேன்னு சொல்லுதாரும்மா."

அவன் வீட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறான். எங்கள் வீட்டில் நாங்கள் அவனைப் பரீட்சை செய்துகொண்டிருந்தோம்.

என் கணவர் எழுந்து, அவன் முன்னால் இருந்த நெத்தோலித் தட்டைத் தன் கையால் எடுத்து அடுக்களையில் கொண்டுவைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, என்னிடம், "ரசம் ஊத்து, பிள்ள பசியோட இருக்கான்" என்றார். பிறகு அவனிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவன் தயங்கித் தன் போனில் ஒரு எண்ணை எடுத்து நீட்டினான். தன் அம்மாவின் எண், அவருக்கு இந்தி தெரியும், ஆனால் எடுக்கமாட்டார் என்றானாம்.

இவர் கூப்பிட்டார், அந்த அம்மா எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல் மிகத் தொலைவிலிருந்து ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நின்றது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏலத்தில் இருநூறு பேரைக் கட்டிப்போடுகிற குரல், அன்று நடுங்கியது.

"அம்மா, நான் அந்த மீன்காரன் பேசுதேன்" என்றார்.