உப்புப் போட்டுக் கழுவிய பாட்டில்

அஞ்சம்மாளுக்கு அன்றைக்கு உப்பளத்தில் வேலையே ஓடவில்லை. உப்பு வாரும் பலகையை இரண்டு இழுப்பு இழுப்பாள், நிமிர்ந்து மரக்காணம் ரோட்டைப் பார்ப்பாள். கிணற்று மோட்டாருக்கு லோன் உண்டா இல்லையா என்று பேங்க் சூப்பர்வைசர் தட்சணாமூர்த்தி வந்து சொல்கிற நாள். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கடலைக்கு ஏற்றம் இறைத்தே அவள் புருஷன் இருசப்பனுக்கு இடுப்பு போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் ஒரு சிபாரிசுக் கடிதம் போதும். அப்படித்தான் பக்கத்துக் கொல்லை செல்லப்பன் மோட்டார் வாங்கினான். இரண்டே கோடையில் கிணறு உப்பாகி, மோட்டார் கோணிக்குள் கிடக்கிறது. இப்போது பணம் உலக வங்கியிலிருந்து வருகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கிச் சோதித்த பிறகுதான் லோன், சிபாரிசு செல்லாது என்று அவர்கள் போட்ட கண்டிஷனுக்கு கவர்ன்மெண்டும் தலையாட்டிவிட்டது. ஊரே முணுமுணுத்தபோது அஞ்சம்மாள் ஒருத்திதான், "நல்லதுதானே? நம்ம கிணறு கல்கண்டாட்டம் இருக்குது" என்றாள்.

"உப்பு ஜாஸ்தி. தள்ளிட்டாங்க" என்றார் தட்சணாமூர்த்தி, சைக்கிளை விட்டு இறங்காமலே.

"எங்க கிணத்துலயா? வேற யாரு பாட்டிலோடயோ மாறிப் போயிருக்கும் சார்."

"உன் பேரு போட்ட சீட்டு ஒட்டியிருக்குதும்மா. பாட்டிலைக் கழுவித்தானே குடுத்தே?"

"கழுவாம? மண்ணெண்ணெய் பாட்டிலு சார். ரெண்டு கை உப்பு போட்டு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கி, ஒரு தண்ணி அலசிட்டு..."

பாதியில் நின்றாள். அளத்துக்காரர்கள் பால் சொம்பைக்கூட உப்புப் போட்டுத்தான் தேய்ப்பார்கள். தட்சணாமூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னொரு பாட்டில் எடுத்துக்குங்க சார்."

"ரெண்டாவது தடவைக்கு ரூல் இல்லைம்மா. அடுத்த மாசம் உலக பேங்க் ஆளுங்க வந்து ரிஜிஸ்டரைப் பிரிச்சு உக்காருவாங்க. உனக்கு மாத்தினா, பழைய சிபாரிசு ஆளுங்கல்லாம் வரிசையா வந்து நிப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"மாத்த வேணாம் சார். நாந்தான் உப்பு போட்டேன்னு ரிஜிஸ்டர்லயே எழுதுங்க, கைநாட்டு வைக்கிறேன். நீங்களே கழுவி, நீங்களே மொண்டுக்குங்க. வர்றவங்களையும் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"வெள்ளைக்காரன் உன் கிணத்துல வந்து குடிப்பானா?"

"செல்லப்பன் கிணத்துலயும் குடிக்கட்டும். வித்தியாசம் தெரியும்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு கொல்லைக் கிணற்றடிக்கு வந்தார். கிணற்றுத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தரம் அலசி நிரப்பினார். அவள் சொன்னதை அப்படியே எழுதி, கைநாட்டும் வாங்கினார்.

"மேல ஒத்துக்கணும். எட்டு நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

அவர் தலை மறைந்ததும் அஞ்சம்மாள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தாள். கரித்தது. காலையிலிருந்து உப்பு வாரின கை, உப்பு படிந்த உதடு அல்லவா? புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்து, வாயைக் கொப்பளித்து, மறுபடி அள்ளினாள்.